கடித்து வைத்த இட்லியும் என் காலை நடையும்

'எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான். அதில் உங்களுக்காக ஓர் அரை மணி நேரம் ஒதுக்க முடியாதா?'

நேற்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்ஆப் குழுவில் வந்த செய்தி இது. வேர்க்க விறுவிறுக்க ஓடும் ஒருவரின் படமும் கூடவே. இதே செய்தியை இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே நாலு குழுக்களில் தள்ளிவிட்டிருக்கிறேன். அதனால் அனுப்பியவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. பதில் மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது எனக்கு 39 வயது. ஆபீஸில் ஒரு ரத்தப் பரிசோதனை முகாம் போட்டார்கள். எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, 6.1 என்று வந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 6.5ஐத் தொட்டால் சர்க்கரை நோய், நடுவில் தொங்குவதை நம் ஊரில் 'பார்டர்' என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர், பார்டரில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். கூட்டத்தோடு கூட்டமாக நானும் சேர்ந்தேன்.

டாக்டர் நடக்கச் சொன்னார். மறுநாளே ஷூ வாங்கியாகிவிட்டது. காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால் மதுரை வண்டியூர் தெப்பக்குளம். ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும், நாலு சுற்று. கூட நடக்க மூன்று பேர் கிடைத்தார்கள். பேச்சு சுவாரசியத்தில் நடப்பதே தெரியாது. முடித்ததும் ஆளுக்கு ஒரு டம்ளர் பருத்திப்பால். கருப்பட்டி போட்டு, இஞ்சி தட்டி, சும்மா கமகம என்று இருக்கும். சர்க்கரையைக் குறைக்க நடந்துவிட்டு அதைக் குடிக்கிறோமே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏழு மணிக்கு வீடு திரும்பினால் குளியல், டிபன், ஆபீஸ்.

எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தேன். எச்பிஏ1சி 5.7க்கு இறங்கியது. முன்னும் பின்னுமாக இரண்டு படம் போட்டு, 'மனம் இருந்தால் நேரம் உண்டு' என்று இதே முகநூலில் எழுதினேன். லைக் குவிந்தது. வீட்டுக்காரம்மா மட்டும் லைக் போடவில்லை. பார்த்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் நல்ல மழை. பாதியிலேயே திரும்பி ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். எப்போதும் நான் பார்க்காத அந்த அரை மணி நேரத்தை அன்றுதான் பார்த்தேன். குக்கர் ஒரு பக்கம் விசில் அடிக்கிறது. அடுத்த அடுப்பில் தோசைக்கல். மேடை மேல் வாய் திறந்து கிடக்கும் நாலு டிபன் பாக்ஸ். வீட்டுக்காரம்மா பெரியவளுக்குச் சடை பின்னிக்கொண்டே, நடுநடுவே எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தால் சின்னவன் கடித்து வைத்த இட்லி. பல் பதிந்த இடம் அப்படியே தெரிந்தது. பக்கத்தில் கல் காயாமல் ஊற்றி, பிய்ந்து சுருண்டுபோன முதல் தோசை. அதுவும் அவளுக்குத்தானாம்.

"ஒரு தட்டுல வச்சு உக்காந்து சாப்பிடேன்" என்றேன், பெரிய மனுசன் மாதிரி.

"அப்ப இதையெல்லாம் யாரு திங்கிறது? வீணாப் போகும்ல."

அதுதான் அவளுடைய காலை உணவு. அதன் பிறகு வேலை பார்க்கும் பள்ளியில் பத்தரைக்கு ஒரு டீ, இரண்டு ரஸ்க். மதியம் ஆறிப்போன சோறு. சாயங்காலம் வந்ததும் பசிக்குக் கைக்கு அகப்படும் மிக்சர். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சட்டியில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அது. இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்தும் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று நான் கவனித்ததே இல்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த மாதம் அவளைக் கட்டாயப்படுத்தி ரத்தம் கொடுக்க வைத்தேன். 6.2.

டாக்டர் எனக்குச் சொன்ன அதே வசனத்தை அவளுக்கும் சொன்னார். "தினமும் அரை மணி நேரம் நடங்க. கீரை, காய் நிறையச் சேத்துக்குங்க." தலையாட்டிவிட்டு வந்தாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்தவள் காளவாசல் சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்: "ஏங்க, கீரையை யாரு ஆயிறது?"

எனக்கு உறைத்தது அங்கேதான். ஆரோக்கியமாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லப்படும் அறிவுரையில் முக்கால்வாசி, வீட்டில் யாரோ ஒருவர் தலையில் இறங்கும் கூடுதல் வேலை. முருங்கைக்கீரை சத்தானதுதான், யார் இல்லை என்றது? ஒரு கட்டை உருவி, காம்பு பொறுக்கி முடிக்க அரை மணி நேரம் ஆகும். வாழைப்பூ என்றால் இன்னும் மோசம், ஒவ்வொரு பூவிலும் நரம்பெடுக்க வேண்டும். கம்பு, குதிரைவாலிக்குத் தனியாக ஊறவைக்க வேண்டும், தனியாக அரைக்க வேண்டும். குழந்தைகள் அதைத் தொட மாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு வேறு டிபன். சாப்பிடுகிறவரின் உடம்புக்கு நல்லது, சமைக்கிறவரின் நடை நேரம் அதோடு காலி.

நான் 'கண்டுபிடித்த' அந்தக் காலை நடை நேரம் வானத்திலிருந்து விழவில்லை. சடை பின்ன, டப்பா கட்ட, சாக்ஸ் தேட ஒருத்தி வீட்டில் இருந்ததால் கிடைத்த நேரம் அது. என் ஆறு கிலோவில் நாலு கிலோவாவது அவள் கணக்கில் எழுதவேண்டியது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். இந்த 88கூட வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரிதான், துரும்பைக்கூட அசைக்காத மகராசன்கள் இதில் சேர்த்தி இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 201 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச மிதமான உடற்பயிற்சி வாரத்துக்கு 150 நிமிடம். அதாவது ஒரே ஒரு நாள் வித்தியாசத்திலேயே ஒரு வாரத்துக்கான நடை அடங்கிவிடுகிறது. 24 மணி நேரம் எல்லோருக்கும் பொதுவாம்!

"வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே, எங்க அம்மா ஜிம்முக்கா போனாங்க?" என்று கமெண்டில் யாராவது கிளம்புவீர்கள். உங்கள் அம்மா ஆட்டுக்கல்லில் மாவாட்டி, தண்ணீர் சுமந்தவர். கிரைண்டர், வாஷிங் மெஷின் வந்த பிறகு மிஞ்சியது ஒரே இடத்தில் நின்றுகொண்டே செய்கிற வேலை. காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும், மூச்சு வாங்காது.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? நாளைப் பிரித்துக்கொண்டோம். திங்கள், புதன், வெள்ளி அவள் போவாள். செவ்வாய், வியாழன், சனி நான். அவள் நாளில் டப்பா என் பொறுப்பு.

முதல் திங்கட்கிழமை போன இருபதாவது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டாள், அதற்குள் இரண்டு தடவை போன் வேறு. புதன்கிழமை நான் கட்டிய தயிர் சாதம் ஸ்பூன் இல்லாமல் பள்ளிக்குப் போனது. "ஏப்பா, ஆபீஸ் போற மனுசன் அடுப்படியில நின்னா நல்லாவா இருக்கு?" என்றார் அம்மா. அவர் பங்குக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. முதல் இரண்டு வாரம் அவள் நடக்கவே இல்லை. தெப்பக்குளத்துச் சுவரில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். "யாரும் கூப்பிடாம அரை மணி நேரம் இருந்தா போதும்னு தோணுச்சுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, இதற்காகவா நான் விடியக்காலையில் அடுப்போடு மல்லுக்கட்டுகிறேன் என்று. நல்ல வேளை, வாயை மூடிக்கொண்டேன். மூன்றாவது வாரம் தானாகவே எழுந்து நடந்தாள்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஓட்ஸ், சியா விதை எல்லாம் வாங்கிப் பார்த்தோம், டப்பாவில் தூங்குகிறது. களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அதிகம், அது உண்மை. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான், இரண்டு உருண்டை உள்ளே தள்ளினால் ஏறத்தான் செய்யும். நம் தட்டில் சோறு மலை மாதிரி இருக்கும், ஓரத்தில் பொரியல் ஊறுகாய் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் திருப்பிப் போட்டதுதான் நாங்கள் செய்தது. முதலில் பொரியல் இரண்டு கரண்டி, அப்புறம் ஒரு முட்டை அல்லது சுண்டல், மிச்ச இடத்தில் சோறு. கடலையை ராத்திரி ஊறப்போட யாருக்கும் கை வலிக்காது. கீரையை எட்டரை மணிக்கு டிவி முன்னால் நானும் பெரியவளும் ஆய்கிறோம். சின்னவன் காம்பை எண்ணுகிறான், எண்ணிக்கை எப்போதும் தப்பு.

பிள்ளைகளுக்கு இட்லி ஒன்று ஒன்றாகத்தான் வைக்கிறோம். தட்டில் மிஞ்சினால்தானே 'வீணாப் போகும்' பேச்சு வரும்? அப்படியும் மிஞ்சினால், அவள் நாளில் நான் தின்கிறேன்.

இன்னொன்று. முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் உடற்பயிற்சிக் கணக்கில் சேரும் என்றிருந்தார்கள். 2020இல் உலக சுகாதார நிறுவனம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதும் கணக்குத்தான். அவள் ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கி விறுவிறு என்று நடந்து வருகிறாள். ராத்திரி சாப்பிட்டதும் நாலு பேரும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடக்கிறோம். சாப்பிட்ட பிறகு தசைக்கு வேலை கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை திறந்தார்கள். நல்ல காரியம். சாதாரண நடையில் 8 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இரண்டு பிள்ளை பெற்ற யாரிடம் அது இருக்கிறது என்பதைத்தான் யோசிக்கவேண்டும்.

போன மாதம் இருவரும் ரத்தம் கொடுத்தோம். அவளுக்கு 6.2 இப்போது 5.9. எனக்கு 5.7 இப்போது 5.8, எடையும் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. மூன்று நாள் நடை போனதற்கான விலை. 'முன்னும் பின்னும்' படம் போட இந்தத் தடவை ஒன்றும் இல்லை. தெப்பக்குளத்துக் கூட்டாளி ஒருத்தன், "என்ன மாப்ள, பாதி நாள் ஆளையே காணோம்?" என்கிறான். அவன் வீட்டில் டப்பா கட்டுவது யார் என்று கேட்டேன். பருத்திப்பால் ஆறிப்போகுது, குடி என்றான்.

இன்று வெள்ளிக்கிழமை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. சின்னவனின் சாக்ஸ் மொட்டை மாடிக் கொடியில் காய்கிறதாம், அவள் வர இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்கிறதாம். மூன்றாவது விசில் வந்துவிட்டது, போகிறேன்.