நம் தளத்தின் பெயரில் பிறர் வாங்கும் கடன்

"மூன்று மாதங்களில் உங்கள் இணையதளத்தைக் கூகுளின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம், இது எங்கள் உத்தரவாதம்" என்று தொடங்கும் மின்னஞ்சல், சொந்தமாகத் தளம் வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். சென்ற வாரம் நண்பர் ஒருவர் தமக்கு வந்த அத்தகைய மின்னஞ்சலை எனக்கு அனுப்பி, இவர்களிடம் வேலையை ஒப்படைக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்று ஒரே சொல்லில் பதில் எழுதினேன். ஏன் வேண்டாம் என்று அவர் திரும்பக் கேட்டபோது, விடை குறுஞ்செய்தியில் அடங்குவதாக இல்லை. இதே ஐயம் உள்ள வேறு சிலருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். தேடுபொறிக்கு ஏற்பத் தளத்தைச் சீரமைக்கும் எஸ்.இ.ஓ. வேலை தவறான வேலை அன்று. பக்கத்துக்குத் தெளிவான தலைப்பு வைப்பது, படங்களின் அளவைக் குறைத்துப் பக்கம் விரைவாகத் திறக்கும்படி செய்வது, ஒரு கட்டுரையிலிருந்து தொடர்புடைய இன்னொரு கட்டுரைக்கு வழி காட்டுவது ஆகியவை வாசகருக்கும் நல்லவை, தேடுபொறிக்கும் நல்லவை. தேடுபொறியிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு வாசகரிடம் வேறொன்றைக் கொடுக்கும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. தொழிலில் இருப்பவர்கள் இதை 'பிளாக் ஹேட்' என்பார்கள். அந்தப் பெயரில் ஏதோ சாகசம் ஒட்டிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றும். நம் தளத்தின் பெயரில் வேறொருவர் வாங்கும் கடன் என்றே நான் சொல்வேன். வாங்கியவர் தம் வழியில் போய்விடுவார். கேட்டு வருபவர் நம் வாசலில்தான் நிற்பார்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு கட்டுரைத் தளத்தை நடத்திவந்தோம். வருகையை உயர்த்தித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் மாதக் கட்டணத்துக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தோம். நான்கு மாதங்களில் வருகை இரண்டு மடங்கானது. எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதைவிட, கேட்க விரும்பவில்லை என்பதே உண்மைக்கு நெருக்கமானது. ஒன்பதாம் மாதம், தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் ஓர் அறிவிப்பு காத்திருந்தது. எங்கள் தளத்தை நோக்கி இயல்புக்கு மாறான இணைப்புகள் இருப்பதாகவும், கூகுளின் ஆய்வாளர் ஒருவரே பார்த்து எங்கள் தளத்தின் மீது நடவடிக்கை எடுத்திருப்பதாகவும் அதில் இருந்தது. அந்த நிறுவனத்தைத் தொடர்புகொண்டோம். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

இணைப்பு கொடுப்பதில் என்ன குற்றம் என்று கேட்பவர்கள், கூகுள் எதன் மீது கட்டப்பட்டது என்பதை அறிந்துகொள்வது நல்லது. 1998ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறையின் அடிப்படை எளிமையானது. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் அது ஒரு பரிந்துரை. மதிப்புள்ள பக்கம் தரும் பரிந்துரைக்கு எடை அதிகம். ஆய்வுக் கட்டுரை ஒன்றை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அதன் முக்கியத்துவத்தை அளக்கும் பழைய வழக்கத்திலிருந்து பிறந்த எண்ணம் அது. பரிந்துரைக்கு மதிப்பு வந்ததும் அதற்கு ஒரு விலையும் வந்துவிட்டது. பணம் கொடுத்து இணைப்பு வாங்குவது, நூற்றுக்கணக்கான தளங்கள் தங்களுக்குள் இணைப்புகளை மாற்றிக்கொள்வது, ஒரே ஆள் ஐம்பது வலைப்பதிவுகளைத் தொடங்கி ஐம்பது பேர் பாராட்டுவதுபோலக் காட்டுவது, பிறருடைய தளத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து கண்ணுக்குத் தெரியாத இணைப்புகளைப் பதித்துவிட்டு வருவது என்று அந்தச் சந்தை விரிந்தது. கடைசியாகச் சொன்னதைத் தேடுபொறியின் விதிமீறல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அது சட்டப்படியே குற்றம்.

2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்த ஒரு கட்டுரை இந்தச் சந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் பெரிய சில்லறை வணிக நிறுவனமான ஜே.சி. பென்னி, ஆடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என்று எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் முதலிடத்தில் நின்றது. காரணத்தைத் துருவியபோது, அந்தப் பொருள்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத, பல கைவிடப்பட்டுக் கிடந்த, ஏராளமான பக்கங்களில் அந்நிறுவனத்துக்கு இணைப்புகள் இருந்தது தெரிந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்த நாளில், குறிப்பிட்ட ஒரு பயணப்பெட்டிக்கான தேடலில் மாலை ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த நிறுவனம், இரண்டு மணி நேரம் கழித்து 71ஆம் இடத்தில் இருந்தது. அந்த இணைப்புகளைப் பற்றித் தங்களுக்குத் தெரியாது என்று சொல்லி, எஸ்.இ.ஓ. பணியைக் கவனித்த ஒப்பந்ததாரரை நிறுவனம் விலக்கியது. உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் 71ஆம் இடத்துக்கு இறங்கியது ஒப்பந்ததாரருடைய தளம் அன்று.

அதே மாதத்தில் ஓவர்ஸ்டாக் என்ற இணைய அங்காடியும் பிடிபட்டது. கல்லூரிகளின் இணையப் பக்கங்களில் தங்களுக்கு இணைப்புக் கொடுத்தால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் தள்ளுபடி தருவதாக அது அறிவித்திருந்தது. 2013இல் பிரிட்டனில் இன்டர்ஃப்ளோரா என்ற மலர் விற்பனை நிறுவனம், உள்ளூர்ச் செய்தித்தாள்களின் தளங்களில் விளம்பரக் கட்டுரைகளை இட்டு அவற்றின் வழியே இணைப்புகளைப் பெற்றதற்காகத் தேடலிலிருந்து மறைந்தது. இணைப்புகளை விற்ற அந்தச் செய்தித் தளங்களின் மதிப்பும் சரிந்தது என்பதை, வருமானத்துக்காக இணைப்பு விற்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். 2012 ஜனவரியில் கூகுள் தன்னுடைய குரோம் உலாவியின் பக்கத்தையே, விளம்பரத்துக்காகப் பணம் கொடுத்து எழுதப்பட்ட பதிவுகள் காரணமாக, 60 நாள்களுக்குத் தரம் இறக்கி வைத்தது. அந்தச் செயலைச் செய்ததும் கூகுளுக்காக வேலை செய்த வெளியார்தான். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை.

விளம்பரம் செய்வது இதில் எந்த வகையிலும் தவறாகாது. பணம் பெற்றுக் கொடுத்த இணைப்பை அப்படியே அறிவிப்பதற்கு வழி இருக்கிறது. இந்த இணைப்பைப் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் 'நோஃபாலோ' என்ற குறி அதற்கு உதவும்; 2005இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். ஆகிய மூன்று தேடுபொறிகளும் சேர்ந்து அதை ஏற்றுக்கொண்டன. 2019இல் விளம்பர இணைப்புகளுக்கென்றே 'ஸ்பான்சர்ட்' என்ற தனிக் குறியும் வந்தது. நிரலில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். அந்த ஒரு சொல்லைச் சேர்க்க மறுக்கும் நிறுவனம், விளம்பரத்தைப் பரிந்துரையாக விற்கிறது என்றுதான் பொருள்.

பெரிய நிறுவனங்கள் இந்தத் தண்டனைகளிலிருந்து விரைவில் மீண்டுவிடுவதை மறுக்க முடியாது. இன்டர்ஃப்ளோரா 11 நாள்களில் திரும்பிவந்தது. பாடல் வரிகளுக்கு விளக்கம் தரும் ராப் ஜீனியஸ் தளம், 2013 டிசம்பரில் தண்டிக்கப்பட்டுப் பத்து நாள்களில் திரும்பியது. அவர்களைத் தேடி வருபவர்கள் பெயரைச் சொல்லியே தேடுவதால், அவர்கள் இல்லாத தேடல் முடிவு கூகுளுக்கும் அழகில்லை. பெயர் தெரியாத சிறிய தளத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றே சொல்வேன். ஆனாலும் தளம் நடத்துபவர் இந்த அநியாயத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். 2012 ஏப்ரல் 24 அன்று, இத்தகைய தந்திரங்களைப் பிடிப்பதற்காகக் கூகுளின் தரவரிசை நிரலில் பென்குயின் என்ற மாற்றம் வந்தபோது, தளம் வைத்திருப்பவர்களுக்குத் தனி அறிவிப்பு எதுவும் இல்லாமலே, நிரல் தானாகவே தளங்களைக் கீழிறக்கியது. தவறைத் திருத்திக்கொண்டவர்களும் அடுத்த பென்குயின் புதுப்பிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 அக்டோபருக்குப் பின் அடுத்த பெரிய புதுப்பிப்பு 2016 செப்டம்பரில்தான் வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் வருமானம் இல்லாமல் தாக்குப்பிடிக்கக்கூடிய சிறு தொழில் எத்தனை இருக்கும்?

எங்கள் தளத்துக்கு வந்த நடவடிக்கையை நீக்க நாங்கள் செய்த வேலையையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு இணைப்புக் கொடுத்திருந்த தளங்களின் பட்டியலைத் தரவிறக்கினோம். எங்கள் பொருளோடு சம்பந்தமே இல்லாத தளங்கள். பலவற்றில் தொடர்பு முகவரியே இல்லை. இருந்தவற்றுக்கு ஒவ்வொன்றாக எழுதினோம். சிலர் நீக்கினார்கள். சிலர், நீக்குவதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். இணைப்பை வைப்பதற்கும் காசு, எடுப்பதற்கும் காசு என்ற அந்த வணிக நுட்பத்தை இன்றும் வியக்கிறேன். எஞ்சியவற்றை, 2012இல் கூகுள் அறிமுகப்படுத்திய மறுதலிப்புக் கருவியின் வழியே, இவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று பட்டியலிட்டுக் கொடுத்தோம். மறுபரிசீலனை விண்ணப்பம் இரண்டு முறை நிராகரிக்கப்பட்டு, மூன்றாம் முறை ஏற்கப்பட்டது. நடவடிக்கை நீங்கியது, வருகை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. திரும்பவும் முடியாது, ஏனெனில் இரட்டிப்பான அந்த வருகை நின்றுகொண்டிருந்ததே நாங்கள் அகற்றிய இணைப்புகளின் மீதுதான்.

மற்ற தந்திரங்களில் சில மிகவும் பழையவை. ஒரே சொல்லைப் பக்கம் முழுவதும் திணிப்பதும், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை மறைத்து வைப்பதும் இன்றைய தேடுபொறிகளிடம் பெரும்பாலும் எடுபடுவதில்லை. பக்கத்தின் நிரலில் திறவுச்சொற்களை அடுக்கும் கீவேர்ட்ஸ் குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் அந்த வேலைக்குக் கட்டணம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இவற்றால் யாருக்கு என்ன கெடுதல் என்று கேட்பவர்கள், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருளை ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தையும் அது வாய்விட்டுப் படித்துவிடும். படத்தில் என்ன இருக்கிறது என்று பார்வையற்றவருக்குச் சொல்வதற்காக உள்ள மாற்று உரையில் பதினைந்து திறவுச்சொற்களை அடைத்து வைத்தால், அவர் அந்தப் பதினைந்தையும் ஒவ்வொரு படத்துக்கும் கேட்டுத் தீர்க்க வேண்டும். தேடுபொறியை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு செய்யும் வேலை, கடைசியில் மனிதர் ஒருவரைத் துன்புறுத்துகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

தேடுபொறியின் நிரலுக்கு ஒரு பக்கத்தையும் வாசகருக்கு வேறொரு பக்கத்தையும் காட்டுவதை 'குளோக்கிங்' என்பார்கள். 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஜெர்மன் தளம் கூகுளிலிருந்து நீக்கப்பட்டது இந்த வகைத் தவறுக்காகத்தான். 'பழைய கார்' என்பதற்கான ஜெர்மன் சொல் நிரம்பி வழிந்த பக்கங்களைத் தேடுபொறிக்குக் காட்டிவிட்டு, அங்கே வந்த வாசகரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் வேறு பக்கத்துக்கு அனுப்பினார்கள். சில நாள்களில் திருத்திக்கொண்டு திரும்பினார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அந்த வேலை எதற்கு என்பது இன்றும் எனக்குப் புரியாத ஒன்று.

இப்போது பெருகியிருப்பது வேறு வகை. ஊரின் பெயரை மட்டும் மாற்றி ஒரே கட்டுரையை ஐந்நூறு பக்கங்களாக்குவது முன்பே இருந்தது. செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஐந்நூறு ஐம்பதாயிரம் ஆவதற்கு ஒரு பகல் போதும். 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிகளில் மூன்று புதிய தவறுகளைச் சேர்த்தது. வாசகருக்குப் பயன்படாத பக்கங்களைத் தரவரிசைக்காக மொத்தமாக உற்பத்தி செய்வது முதலாவது. எழுதியது மனிதரா இயந்திரமா என்பதை அந்த விதி பொருட்படுத்துவதில்லை. காலாவதியான தளப் பெயரை வாங்கி, அதற்கு முன்பிருந்த நற்பெயரில் குப்பையை விற்பது இரண்டாவது. புகழ்பெற்ற தளம் தன் முகவரிக்குள் ஒரு மூலையை வெளியாருக்கு வாடகைக்கு விட்டு, தன் மதிப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள விடுவது மூன்றாவது. இரண்டாவதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. பல ஆண்டுகள் நேர்மையாக நடந்து நின்றுபோன ஒரு தொண்டு அமைப்பின் முகவரியில் சூதாட்டப் பக்கம் திறக்கும்போது, அந்த அமைப்பை நம்பி யார் யாரோ கொடுத்த இணைப்புகள் அத்தனையும் பொய்ச்சாட்சியாகிவிடுகின்றன.

போலி மதிப்புரைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது வாங்குபவரிடம் நேரடியாகச் சொல்லும் பொய். அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், போலி மதிப்புரைகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதியை 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

எல்லோரும்தானே செய்கிறார்கள், நாம் மட்டும் யோக்கியமாக இருந்து என்ன பயன் என்ற கேள்வி எனக்கும் பழக்கமானதே. சில தளங்கள் பிடிபடாமல் பல ஆண்டுகள் மேலே இருப்பதும் உண்மை. கூகுள் என்னும் ஒரே நிறுவனம் விதியும் எழுதி, தீர்ப்பும் சொல்வதில் எனக்கும் மனக்குறை உண்டு. ஆனால் முதல் பக்கத்தில் இருப்பவை ஏறக்குறைய பத்து இடங்கள்தான். அதில் ஓர் இடத்தை விலைக்கு வாங்கினால், அந்தப் பொருளைப் பற்றி உழைத்து எழுதிய ஒருவர் இரண்டாம் பக்கத்துக்குப் போகிறார். அவரைப் படித்திருக்க வேண்டிய வாசகர் என்னைப் படித்துவிட்டுப் போகிறார். கூகுளின் மீதுள்ள கோபத்தை இந்த இருவரிடம் காட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்தவை மூன்று கேள்விகள். எங்களுக்காக நீங்கள் பெற்றுத்தரும் ஒவ்வொரு இணைப்பின் முகவரியையும் மாதந்தோறும் தருவீர்களா? தளத்தில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்வதற்கு முன் எழுத்தில் தெரிவிப்பீர்களா? முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்லியிருக்கும்போது, உங்கள் உத்தரவாதத்துக்கு அடிப்படை என்ன? சர்ச் கன்சோலின் உரிமையாளர் கணக்கை எக்காரணத்தைக் கொண்டும் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டாம் என்றும் சேர்த்து எழுதினேன்.

நேற்று அவருக்குப் பதில் வந்திருக்கிறது. இணைப்புகளின் பட்டியல் தங்கள் தொழில் ரகசியம் என்றும், இன்றைக்குள் பணம் கட்டினால் முதல் மாதக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்றும் எழுதியிருக்கிறார்கள். மற்ற இரண்டு கேள்விகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை.