மேக்னம் என்று பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது

அமெரிக்காவில் கைத்துப்பாக்கியால் மான் வேட்டை ஆடுபவர்களுக்கு '.357 மேக்னம் (0.357 அங்குல விட்டம், வேகம் கூடிய தோட்டா) இருந்தால் போதும்' என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அளவு சரி, ஆனால் எந்தக் குண்டு? ஒஹையோவில் இருக்கும் என் மச்சான் போன தீபாவளிக்குக் காட்பாடி வந்தபோது விடிய விடியச் சொன்ன கதையே இதுதான். அந்த மாநிலத்தில் .357-க்குக் குறைந்த விட்டமும் 5 அங்குலத்துக்குக் குட்டையான குழலும் மானுக்கு ஆகாது என்பது விதி. அது குறைந்தபட்சம், அவ்வளவுதான். தற்காப்புக்கென்று விற்கும், முனையில் குழி விட்ட லேசான குண்டான ஹாலோ பாயிண்ட்டைப் போட்டால் தோளெலும்பில் பட்டதும் விரிந்து அங்கேயே நின்றுவிடலாம், மான் காயத்தோடு ஓடிவிடும். முழுக்கச் செம்பு உறை போட்டதோ விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போய்விடும். மச்சான் வைத்திருப்பது .44 மேக்னம், குண்டின் எடை 240 கிரெய்ன், அதாவது சுமார் 15.5 கிராம், முனையில் ஈயம் தெரியும் சாஃப்ட் பாயிண்ட். அதிலும் 50 கஜத்தைத் தாண்டினால் சுடமாட்டாராம், கை ஆடும் என்கிறார். (மனுஷனுக்குக் கேரம் போர்டிலேயே கை ஆடும், அது வேறு விஷயம்.)

அப்புறம், கட்டுரைக்குக் கீழே ஒருவர் 'நம்ம ஜவ்வாது மலைக்கு எது நல்லது' என்று கேட்டிருக்கிறார். ஒன்றும் வேண்டாம் சார், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே மானைச் சுட்டால் ஜெயில்தான். மானைப் பார்க்கணும் என்றால் வேலூர் பக்கத்து அமிர்தி மிருகக்காட்சி சாலைக்குப் போங்க.