கதை எங்கே என்று கேட்டவர்களுக்கு

சனிக்கிழமை கிளிநொச்சியில் எங்களோடு படம் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிக் கதைக்கிறேன் என்று விளங்கும். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்தப் படத்தைப் பற்றி "வெறும் ஸ்டைல்தான், கதை எங்க?" என்று ஒருவர் போட்ட பதிவுக்கு எங்கள் ஆட்களே வரிசையாக விருப்பம் போட்டதைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை.

'எ கேர்ள் வாக்ஸ் ஹோம் அலோன் அட் நைட்' (ஒரு பெண் இரவில் தனியாக வீட்டுக்கு நடந்து போகிறாள்) 2014இல் அனா லிலி அமிர்பூர் எடுத்த பாரசீக மொழிப் படம். கறுப்பு வெள்ளை. கலிபோர்னியாவில் எடுத்து ஈரானிய ஊராகக் காட்டுகிறார். ஊரோரப் பள்ளத்தில் பிணங்கள் கிடக்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அந்தத் தெருவில் கறுப்புச் சாதோர், அதாவது ஈரானியப் பெண்கள் தலையில் இருந்து கால்வரை போர்க்கும் துணி, போர்த்த ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள். அவள்தான் இரத்தக் காட்டேரி. பெண்ணை விற்றுப் பிழைக்கிறவனைக் கடித்துக் கொல்கிறாள். ஒரு சின்னப் பெடியனை மறித்து, நீ நல்ல பிள்ளையா என்று கேட்டு வெருட்டி, அவனுடைய ஸ்கேட்போர்ட்டை எடுத்துக்கொள்கிறாள். அதில் ஏறி வெறும் றோட்டில் அவள் வரும்போது சாதோர் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி விரியும். அந்த இடத்தில்தான் எனக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது.

2011 ஓகஸ்டில் கிறீஸ் பூதக் கதை, உடம்பில் கிறீஸ் பூசிய ஆண்கள் இரவில் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற கதை, பரவியது ஞாபகம் இருக்கிறதா? போர் முடிந்து, முகாமில் இருந்து வந்து தறப்பாள் கொட்டிலில் கிடந்த காலம். கதவு இல்லை. அம்மா, நான், தங்கச்சி, மூன்று பேரும் பெண்கள். இருட்டினால் மலசலகூடத்துக்கும் சேர்ந்துதான் போவோம், அம்மா கையில் கத்தியோடு. இரவு என்றால் நடமாடுகிறது ஆண்கள், ஒடுங்கிக் கிடக்கிறது நாங்கள். இந்தப் படத்தில் அவள் நடக்கிறாள், றோட்டில் நிற்கிறவன் பயப்படுகிறான். அவள் வாயால் அதிகம் பேசுவதில்லை. அந்த நடை, அந்தத் துணி, அந்த நிழல்தான் பேசுகிறது. ஸ்டைல்தான் ஐயா கதை. அதை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

மெதுவாகப் போகிறது என்றவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நடுவில் எனக்கும் கொஞ்சம் இழுத்தது.

ஆனால், "உண்மையான இரத்தம் பார்த்த சனத்துக்கு எதுக்குக் காட்டேரிப் படம்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சுட்டது. 1922இல் 'நொஸ்பெராட்டு' என்ற காட்டேரிப் படத்தை எடுத்த ஜேர்மன் இயக்குநர் முர்னாவ், முதலாம் உலகப் போரில் விமானத்தில் பறந்து சண்டை பிடித்துவிட்டு வந்தவர். பார்த்த ஜேர்மன் சனமும் பிள்ளைகளைப் போரில் கொடுத்த சனம்தான். இரத்தம் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பேய் இன்னும் நன்றாக விளங்கும். நாங்கள் பார்த்ததை ஒவ்வொரு முறையும் அப்படியே அழுதுகாட்டத்தான் வேண்டுமா? எங்களுக்கு அழகான படம் ஒன்றைப் பார்க்கிற உரிமை கிடையாதா? போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. வன்னியில் இருந்து வாயைத் திறந்தால் சாவைப் பற்றி மட்டும் கதைக்கவேண்டும் என்று யார் எழுதி வைத்தது?

படத்தில் கதையே இல்லை என்று அன்று எழும்பி நின்று சொன்ன அண்ணைக்கும் ஒன்று சொல்லவேண்டும். கூட்டம் முடிந்து நான் சைக்கிளை எடுக்க, "தங்கச்சி, இருட்டிப்போச்சு, தனியப் போகாதேங்கோ" என்று வாசல்வரை வந்து சொன்னது நீங்கள்தான். அக்கறையில் சொன்னீர்கள், தெரியும். படத்தின் பெயரே அதுதானே அண்ணை. அது எப்படி உங்களுக்குக் கதையாகத் தெரியாமல் போனது?

வருகிற ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் திரும்பப் போடுகிறேன். அம்மாவும் இருந்து பார்ப்பா. விருப்பமான பெண்பிள்ளைகள் வாங்கோ. முடிய இருட்டிவிடும். கூட்டிப்போக ஆள் தேடவேண்டாம், டோர்ச் கொண்டுவாங்கோ, ஒவ்வொரு வீடாகச் சேர்ந்து நடந்து போய் விடுவோம்.