வாசல்னா ஆள் கடந்து போற வழி மட்டும் இல்ல

சிலியோட தெக்கு கோடில மகயானெஸ்னு ஒரு பிராந்தியம், அதோட தலைநகர் புன்டா அரீனஸ். காத்து பலமா அடிக்கிற நாள்ல ஜனங்க பிடிச்சுட்டு நடக்க தெருவுல கயிறு கட்டிவிடுவாங்க, அப்படி ஒரு ஊரு. அண்டார்டிகாவுக்கு வாசல்னு சொல்ற அஞ்சு ஊர்ல இதுவும் ஒண்ணு, மத்தது உஷுவாயா, கேப் டவுன், ஹோபார்ட், கிறைஸ்ட்சர்ச். இந்த பிராந்தியத்தோட எதிர்காலத்த திட்டம் போடறவங்க எத்தன கப்பல் வருது, எத்தன டூரிஸ்ட் இறங்கறாங்கன்னு அத மட்டும் கணக்கு பார்த்தா தப்புன்னு நான் உறுதியா நினைக்கிறேன்.

ஏன்னா இந்த ஊரு ஒருதடவ பட்டாச்சு. அட்லாண்டிக்ல இருந்து பசிபிக் போற கப்பலெல்லாம் மகெல்லன் ஜலசந்தி வழியாதான் போயிட்டு இருந்துச்சு, இங்க நின்னு நிலக்கரி ஏத்திக்கும். 1914ல பனாமா கால்வாய் திறந்தாங்க, கப்பலெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு, துறைமுகத்து பொழப்பே படுத்துடுச்சு. வழில போறவன நம்பி பொழச்சா அவன் வழி மாத்தினா நம்ம கதி என்ன?

ஆனா அதுக்கப்புறம் ரெண்டே வருஷத்துல நடந்தது வேற. அண்டார்டிகா பயணம் போன ஷாக்கிள்டனோட ஆளுங்க 22 பேரு அந்தப் பக்கம் எலிஃபன்ட் தீவுல மாட்டிக்கிட்டாங்க, அவரு மூணு தடவ கப்பல் எடுத்துட்டு போயும் பனிக்கட்டி விடல, நாலாவதா 1916 ஆகஸ்ட் 30ம் தேதி லூயிஸ் பார்டோங்கற சிலி கடற்படை ஆளு யெல்ச்சோன்னு ஒரு சின்ன கப்பல்ல போய் 22 பேரையும் உயிரோட இந்த ஊருக்கே கொண்டு வந்தாரு. அதுல ரேடியோ கூட கிடையாது, பனிக்கடலுக்குன்னு கட்டின கப்பலும் இல்ல. அந்தக் கடல தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்க, அவ்ளோதான். இந்த ஊரோட சொத்து அதுதான்னு எனக்குத் தோணும்.

அதனாலதான் 2003ல சிலி அண்டார்டிக் இன்ஸ்டிட்யூட்டோட தலைமையகத்த சான்டியாகோல இருந்து இங்க மாத்தினத நான் பெரிய விஷயமா பாக்கறேன். அண்டார்டிகால இருக்கற கிங் ஜார்ஜ் தீவுக்கு இங்கிருந்து ஃப்ளைட்ல ரெண்டு மணி நேரம்தான், விஞ்ஞானி வந்து இறங்கி மறுநாளே ஏறிப் போயிட்டா ஊருக்கு மிச்சம் ஹோட்டல் பில்லு மட்டும்தான். லேப் இங்க இருக்கணும், கப்பல் ரிப்பேர் இங்க நடக்கணும், அங்கிருந்து எடுத்துட்டு வர்ற பனிப்பாறை சாம்பிள இங்கயே வெட்டிப் பாக்கணும், அந்த வேலைக்கு இந்த ஊர்ப் பசங்க படிச்சு வரணும்.

சதுக்கத்துல மகெல்லன் சிலை இருக்கு, அதுக்குக் கீழ உக்காந்திருக்கற பழங்குடி ஆளோட கால் விரல மட்டும் வந்தவங்கல்லாம் தடவித் தடவி பளபளன்னு ஆயிடுச்சு, தொட்டா திரும்ப வருவோம்னு நம்பிக்கை. ஆனா அந்த மண்ணோட பழங்குடிகள்ல ஒண்ணான யாகன் ஜனங்களோட மொழிய தாய்மொழியாப் பேசின கடைசி ஆளு கிறிஸ்டினா கால்டெரான் 2022ல தன்னோட 93 வயசுல இறந்து போனாங்க. இதே பிராந்தியத்துல நவரினோ தீவுல இருக்கற அவங்க பேரப்பிள்ளைங்களுக்கு இந்தத் திட்டத்துல என்ன வேலை, என்ன இடம்னு முதல் பக்கத்துலயே எழுதுங்க, கப்பல் எண்ணிக்கைய அப்புறம் பாத்துக்கலாம்.