பதினொரு நிமிடம் திருடியவன் எழுதுவது

எங்கள் வீட்டு டி.டி.எச். பெட்டி பழுதானதையும், அதனுள் நான் பதிவு செய்து வைத்திருந்த நிகழ்ச்சிகள் எல்லாம் போனதையும் சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தேன். ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. அதன் கீழே நண்பர் ஒருவர், "ஓசியில் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை என்று இத்தனை அழுகையா? இதற்குத் திருட்டு என்று பெயர்" என எழுதி, சிரிப்புக் குறி ஒன்றையும் போட்டிருந்தார். அந்தக் கருத்துக்கு 42 பேர் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேர் என் அப்பாவின் காரியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள்.

திருடிய பொருள் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டு தை மாதத்தில், ஒரு தனியார் தொலைக்காட்சியின் காலை நேர வேளாண் நிகழ்ச்சியில், மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் மாப்பிள்ளைச் சம்பாவைப் பற்றிப் பதினொரு நிமிடம் பேசினார். அவர்தான் என் அப்பா. வரப்பில் நின்றபடி, தோளில் கிடந்த துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் முறுக்கிக்கொண்டே பேசுவார். ஒளிபரப்பாகும் நேரம் முன்பே தெரிந்ததால் முதல் நாள் இரவே பெட்டியில் நேரம் குறித்து வைத்தேன். 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டி அது. பதிவு வசதிக்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கியது. அப்பா 2021-இல் போய்விட்டார். அதன் பிறகு பொங்கலன்று அந்தப் பதினொரு நிமிடத்தைப் போட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. களவு இவ்வளவுதான்.

பழுது பார்க்க வந்த தம்பி நல்லவர். மின்சாரப் பகுதி எரிந்துவிட்டது, டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவரே சோதித்துச் சொன்னார். ஆனால் கணினியில் இணைத்தபோது, உள்ளே இருப்பதை அழித்து ஃபார்மட் செய்யட்டுமா என்று கணினி கேட்டது. புதிதாகக் கொடுத்த பெட்டியும் அதையேதான் கேட்டது. பதிவாகும்போதே எல்லாவற்றையும் மறைக்குறியாக்கிப் பூட்டிவிடுகிறார்கள். திறக்கும் சாவியை அந்த ஒரு பெட்டியோடும் அதன் ஸ்மார்ட் கார்டோடும் கட்டிவிடுகிறார்கள். பெட்டி செத்தால் உள்ளே இருப்பவையும் உடன்கட்டை ஏற வேண்டியதுதான். முன்பு ஒருமுறை ரீசார்ஜ் செய்ய மூன்று நாள் தாமதமானபோதே, என் வீட்டு டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்தவைகூடத் திறக்க மறுத்தன. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சேவை மையத்தில் பேசிய பெண் மிகவும் பொறுமையாக, "அது உங்கள் பாதுகாப்புக்காகத்தான் சார்" என்றார். என் அப்பாவை என்னிடமிருந்து பாதுகாக்கிறார்களாம்.

இனி, திருட்டு என்று சொன்ன நண்பருக்கு வருகிறேன். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 39-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒளிபரப்பாகும் ஒன்றைத் தன் சொந்தப் பயன்பாட்டுக்காக ஒருவர் ஒலியாகவோ ஒளியாகவோ பதிவு செய்துகொள்வது, ஒளிபரப்பு நிறுவனத்தின் உரிமையை மீறியதாகாது என்று அது சொல்கிறது. 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டுகளை உடைப்பதைக் குற்றமாக்கி இரண்டாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அங்கேயும் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆகவே நான் பதிவு செய்தது குற்றமில்லை, திரும்பப் பார்க்க நினைப்பதும் குற்றமில்லை. பாராளுமன்றம் கொடுத்ததைப் பெட்டி பிடுங்கிக்கொண்டது என்பதுதான் சென்ற வாரமும் நான் சொன்னது, இப்போதும் சொல்வது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அந்த உரிமையே 25 ஆண்டுகளுக்குத்தான். அது முடிந்த பிறகும் இந்தப் பூட்டு திறக்காது. ஏனென்றால் காலாவதித் தேதி சட்டத்துக்கு இருக்கிறது, பூட்டுக்கு இல்லை.

படம் எடுப்பவர்களின் பயம் எனக்குப் புரியாமலில்லை. கோடிகளைப் போட்டவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை வெளியாகும் படம் சனிக்கிழமைக்குள் திருட்டுத் தளங்களில் ஏறிவிடுவது என் வீட்டுப் பெட்டியிலிருந்தா? அவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பூட்டு மாட்டிக்கொண்டிருப்பது பணம் கட்டிப் பார்க்கிறவன் வாசலில் மட்டும். வேளாண் நிகழ்ச்சியைத் திருடி விற்கிற கும்பல் எங்கேனும் இருந்தால் சொல்லுங்கள். அவர்களைக் கும்பிட்டுக் கேட்டு ஒரு பிரதி வாங்கிக்கொள்கிறேன்.

உலகம் முழுதும் இப்படித்தான் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். முழுதும் இல்லை ஐயா. வீட்டு வீடியோ ரெக்கார்டரே சட்டவிரோதம் என்று அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டூடியோ சோனி மீது தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒளிபரப்பானதைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று 1984-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் வந்ததும் அங்கும் ஆசை விடவில்லை. ஒளிபரப்போடு ஒரு தடைக்குறியை அனுப்பி, எல்லாப் பெட்டிகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று அவர்களுடைய தகவல்தொடர்பு ஆணையம் 2003-இல் விதி செய்தது. 2005 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வருவதாக இருந்தது. அலை வீட்டுக்குள் வந்து சேர்ந்த பிறகு பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று நூலகர்கள் வழக்காடினார்கள். மே மாதமே நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கி எறிந்தது. ஜப்பானில் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பதிவு செய்தால் ஒரே ஒரு பிரதிதான் என்று 2004-இல் கொண்டுவந்தார்கள். டி.வி.டி. வட்டுக்கு மாற்றினால் பெட்டியின் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடும். மாற்றும்போது ஏதேனும் கோளாறானால் இரண்டுமே போகும். மக்கள் கத்தினார்கள். 2008 ஜூலை முதல் ஒன்பது பிரதிகளும், பத்தாவதாக ஒரு இடமாற்றமும் அனுமதித்தார்கள். ஜப்பான்காரனுக்குப் பத்து. எனக்கு ஒன்றுகூட இல்லை. நான் கேட்பதும் பத்து இல்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்களே என்கிறவர்களுக்கு ஒரே பதில்: போட்டேன். நீங்கள் படித்துவிட்டுப் போட்டிருந்தால் உங்கள் காலில் விழுகிறேன்.

யூடியூப்பில் இருக்குமே என்றார்கள். இல்லை, மூன்று இரவு தேடினேன். தொலைக்காட்சி அலுவலகத்துக்கும் எழுதினேன். அந்நாளைய நிகழ்ச்சிகளைத் தாங்கள் சேமித்து வைக்கவில்லை என்று பதில் வந்தது. தயாரித்தவர்களிடம் இல்லாத ஒன்று ஒரு பார்வையாளன் வீட்டில் இருந்தது, அதையும் பூட்டே தின்றுவிட்டது. பிபிசியும் ஒரு காலத்தில் தன் பழைய நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்கிறது. அப்படிப் போன சில நிகழ்ச்சிகளின் ஒலியாவது இன்று மிஞ்சியிருப்பது, வீட்டில் டேப் ரெக்கார்டரைத் தொலைக்காட்சிப் பக்கத்தில் வைத்துப் பிடித்த நேயர்களால்தான். பிலடெல்பியாவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொலைக்காட்சிச் செய்திகளை வீட்டிலேயே பதிவு செய்து சுமார் 70,000 நாடாக்களை விட்டுச் சென்றார். 2012-இல் அவர் இறந்த பிறகு அவை இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்புக்குப் போயின. அந்த அம்மாளிடம் என்னுடையதைப் போல ஒரு பெட்டி இருந்திருந்தால், அவர் விட்டுச் சென்றது பழைய இரும்பாக மட்டுமே இருந்திருக்கும்.

எங்கள் வீட்டிலும் நாடா இருந்தது. 1991-இல் சித்தப்பா சவுதியிலிருந்து கொண்டுவந்த வி.சி.ஆரில் தூர்தர்ஷனிலிருந்து பிடித்த கேசட்டுகளில் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன்பு எடுத்துப் பார்த்தபோது வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது. தஞ்சாவூரில் ஒரு ஸ்டூடியோக்காரர் அதைத் துடைத்து, ஓட்டி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். கோடு கோடாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓடுகிறது. பூஞ்சையிடம் போராட முடிந்தது.

இவ்வளவு பாசமுள்ளவர் அப்போதே திரையைக் கைப்பேசியில் படம் பிடித்திருக்கலாமே என்று கேட்டிருந்தவரை நான் மறக்கப் போவதில்லை. பிடித்திருக்கலாம். பெட்டியை டி.வி.யோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகக் கணினிக்கு எடுக்க முயன்று, அங்கேயும் ஒரு பூட்டு இருப்பதால் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு, பெட்டியில்தான் பத்திரமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். ஐந்து பொங்கலுக்கு உட்கார்ந்து பார்த்தேன், ஒருமுறைகூடக் கைப்பேசியை எடுக்கவில்லை. அப்பா பேசும்போது குறுக்கே கைப்பேசியை நீட்ட எனக்குத் தோன்றவில்லை. இதற்கு என்ன பிரிவில் தண்டனை என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

ஏழாவது நிமிடத்திலோ எட்டாவதிலோ அப்பா ஒன்று சொல்வார். கதிர் சாய்ந்தால் காற்றைக் குறை சொல்லாதே, எவ்வளவு உரம் போட்டாய் என்று பார் என்பார். அம்மா, காற்று என்று சொல்லவில்லை, மழை என்றுதான் சொன்னார் என்கிறாள். நான்கு நாளாக இருவரும் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம். முன்பென்றால் ரிமோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்திருப்போம்.

பழுதான பெட்டியை 15 நாளுக்குள் ஒப்படைக்காவிட்டால் கட்டணம் பிடிக்கப்படும் என்று இன்று காலை குறுஞ்செய்தி வந்தது. பெட்டி அப்பாவின் அலமாரியில், அவருடைய கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிடித்துக்கொள்ளட்டும்.