குமிழி ஓட்டையானது வீரர்களால் மட்டுமல்ல

கொரோனா தொற்றால் 2021 ஐபிஎல் கிரிக்கெட் தொடர் பாதியில் நின்றதற்கு, குமிழிக்குள் (வெளியாட்களோடு கலக்காமல் அணிகளைத் தனித்து வைக்கும் ஏற்பாடு) இருந்த வீரர்களின் கட்டுப்பாடின்மையே காரணம் என்கிறது ஒரு கட்டுரை. இதை ஏற்க முடியாது. முந்தைய ஆண்டு தொடர் நடந்த துபாய், அபுதாபி, ஷார்ஜா மூன்றுக்கும் பேருந்திலேயே போய்விடலாம். 2021-இல் ஆறு நகரங்கள், லீக் சுற்றிலேயே ஒவ்வோர் அணிக்கும் மூன்று இடமாற்றம். விமான நிலையம், புது ஹோட்டல், புது ஓட்டுநர்கள் என்று ஒவ்வொரு முறையும் குமிழி திறந்தது. மே 3 அன்று அகமதாபாத்தில் கொல்கத்தா வீரர்கள் இருவருக்கும், டெல்லியில் இருந்த சென்னை அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளருக்கும் தொற்று உறுதியானது. மறுநாளே தொடர் நிறுத்தம். மீதி 31 ஆட்டங்கள் செப்டம்பர், அக்டோபரில் அமீரகத்தில்தான் நடந்தன.

'சோதனையில் நெகட்டிவ் வந்தால் போதும்' என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. தொற்றிய முதல் ஓரிரு நாளில் ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபணுவைத் தேடும் ஆய்வகச் சோதனை) கூடப் பெரும்பாலும் நெகட்டிவ்தான் காட்டும். அதனால் நெருங்கிப் பழகியவரை உடனே பிரித்து, குறைந்தது ஐந்து நாளாவது தினமும் சோதிக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல் 2020-இல் கண்டது முக்கியமானது: நெருங்கிப் பழகியவர் யார் என்று முடிவுசெய்யும் '6 அடிக்குள் 15 நிமிடம்' என்ற கணக்குக்குள் வராதவர்களுக்கும் தொற்றியது. யாருடன் எவ்வளவு நெருங்கினோம் என்று பதிய அங்கே அணிந்த கருவி தூரத்தையும் நேரத்தையும் சொல்லும்; முகக்கவசம் இருந்ததா, ஜன்னல் திறந்திருந்ததா என்று சொல்லாது. ஆகவே அங்கே ஒவ்வொருவரிடமும் விசாரித்தே பட்டியல் போட்டார்கள். பரவிய இடமும் பெரும்பாலும் மைதானம் இல்லை: ஒன்றாகச் சாப்பிட்டது, ஒரே காரில் போனது, மூடிய அறைக் கூட்டம். சாப்பாட்டைப் பொட்டலமாக அறைக்கே அனுப்புவதும், கூட்டத்தைக் காணொளியில் நடத்துவதும் பெரிய செலவே இல்லை. சமையல்காரர், ஓட்டுநர், மைதானப் பணியாளர் எல்லோருக்கும் வீரர்களுக்கு உள்ள அதே சோதனை அட்டவணை வேண்டும்.