மாமாவின் பென்ஸு

(களக்காட்டுப் பக்கம் ஒரு ஊர். சரிவான முற்றத்தில் மூக்கு நீண்ட 1966 மாடல் டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி. பானெட் மேல் கூழ்வத்தல் காய்கிறது. ஓடாத வண்டிதான், ஆனால் சும்மா நிற்கவில்லை.)

மருமவன்: மாமா, வண்டிய ஒரு ரவுண்டு எடுப்பமா? மெட்ராஸ்ல இதப் பத்திச் சொல்லியே எனக்கு வாய் வலிச்சிட்டு.

மாமா: கையக் காட்டு பாப்போம். ம்ஹூம். கம்ப்யூட்டர் தட்டுத கை. இந்த ஸ்டேரிங்க ஒடிக்க முடியாதுடே.

மருமவன்: பவர் ஸ்டேரிங் கெடையாதோ?

மாமா: ஏன் கெடையாது? காலைல ரெண்டு கும்பா பழைய சோறு, நாலு சின்ன உள்ளி. அதான் பவரு.

மருமவன்: முன்னால நட்சத்திரத்தக் காணுமே? 1954-லருந்து 1969 வரைக்கும் டாடாவுக்கு பென்ஸ் கம்பெனி ஜெர்மன்காரன் கூட்டு. அந்த வண்டிக்கெல்லாம் நட்சத்திரம் உண்டு. பொறவு வந்ததுக்கு வெறும் ‘டி’தான். இதுல ரெண்டுமே இல்லையே!

மாமா: நட்சத்திரம் எதுத்த வீட்டு டீச்சரம்மாட்ட இருக்கு. ஒரு கிறிஸ்துமஸுக்குக் குடில் மேல கட்டணும்னு கேட்டாவ, குடுத்தேன்.

மருமவன்: பென்ஸ் நட்சத்திரத்தயா!

மாமா: மூணு முனை, மூணு ராசா. ஆளுக்கொண்ணு சரியா இருக்குல்லா? வருசா வருசம் அதப் பாத்துத்தான் அவிய பெத்லகேமுக்கு வழி கண்டுபிடிக்காவ. எப்படில திருப்பிக் கேக்க?

மருமவன்: சரி, கியர் எப்படிப் போடணும்? ரெண்டு தடவ கிளச்ச மிதிக்கணும்பாவளே.

மாமா: ஆமா. ஒருக்க மிதிச்சு நியூட்ரலுக்குக் கொண்டு வரணும். கால எடுக்கணும். கியர எறக்குததுன்னா ஆக்சிலேட்டர லேசா ஒரு மிதி. திரும்பக் கிளச்ச மிதிச்சுத்தான் கியருக்குள்ள தள்ளணும். அவசரப்பட்டா பல்லும் பல்லும் மோதி ஊரே திரும்பிப் பாக்கும். ஒன் அத்தைட்ட ரூவா கேக்குததும் அப்படித்தான். நேராக் கேக்கப்பிடாது. நியூட்ரல்ல செத்த நேரம் நின்னு, “இன்னைக்குக் கொழம்பு நல்லாருக்கு”ங்கணும்.

மருமவன்: ஓணத்துக்கு ஏத்தங்காய் லோடு அடிச்சியளாமே?

மாமா: களக்காட்டுல வாழத்தார ஏத்துனா விடியுமுன்ன திருவனந்தபுரத்துல நிக்கணும். ஆரல்வாய்மொழிக் காத்து இருக்கே! தார்ப்பாய அப்படியே தூக்கும். ஒரு தடவ கிளீனர் பய தார்ப்பாயப் பிடிச்சிருக்கானா, தார்ப்பாய் அவனப் பிடிச்சிருக்கான்னே தெரியல.

மருமவன்: இதுதான் மாமா வாழ்க்கை! வேப்பமரம், பழைய லாரி, டென்ஷனே இல்ல.

மாமா: டென்ஷன் இல்லையா? பேட்டரியும் செத்து, செல்பும் செத்து வருசமாச்சு. எறக்கத்துல உருட்டி, ரெண்டாங் கியர்ல கிளச்ச விட்டாத்தான் பிடிக்கும். எறக்கம் இருக்குன்னுதான் இந்த எடத்தையே வாங்குனேன். வாஸ்து பாத்தவன் வேண்டாம்னான். லாரி வேணும்னுச்சு.

மருமவன்: அப்ப இப்ப உருட்டுவமா? டயருக்கு முன்ன இருக்க கல்ல எடுக்கட்டா?

மாமா: ஏலே, தொடாத! அது அத்தைக்க அம்மிக்கல்லு. அத இங்க கொண்டாந்து போட்ட அன்னைக்கே மிக்ஸி வாங்கிக் குடுக்க வேண்டியதாப் போச்சு.

மருமவன்: மிக்ஸிதான் வந்துட்டுல்லா, எடுத்தா என்ன?

மாமா: கல்லு பிரச்சினை இல்லடே. டிரைவர் சீட்டுக்கு அடியில எட்டிப் பாரு. மெதுவா.

மருமவன்: (எட்டிப் பார்த்து) அய்யோ! கொத்த வருது!

மாமா: அடைக்கோழி. பதிமூணு முட்டை. இருவத்தோரு நாள்ல இன்னைக்குப் பதினேழு. இப்ப இஞ்சின் ஓடி உதறுனா அம்புட்டும் கூமுட்டை ஆயிரும். பொறவு ஒன் அத்தைய நியூட்ரல்லயும் நிப்பாட்ட முடியாது.

மருமவன்: இன்னைக்கு வெள்ளி. செவ்வாக்கெழமைல்லா ஆவும்! எனக்கு ஞாயித்துக்கெழமை நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட்டு.

மாமா: கோழிட்டச் சொல்லிப் பாரு.

மருமவன்: (போனை எடுத்துக்கொண்டு) மேனேஜர்ட்ட லீவு கேக்கேன். என்ன காரணம் சொல்ல மாமா?

மாமா: வண்டியில இன்னும் லோடு எறக்கலன்னு சொல்லு.